கவிழ்த்து வைத்த பீரங்கி

தம்பி,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப்போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். பெங்களூரில் மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று நேற்றுகூடப் படம் அனுப்பினாயே. எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரை போன மாதம் இருந்த அளவில்தான் இருக்கிறது. ஆனால் வயிறு எரிகிறது. பொங்கல் முடிந்து நீ பஸ் ஏறிப் போனாயே, அதற்கு மறுநாளிலிருந்து எரிந்துகொண்டிருக்கிறது. "போன்லயே சொல்லிடேன், எதுக்கு லெட்டரு?" என்று உன் அப்பா கேட்டார். போனில் சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாதா? "சரிம்மா" என்பாய். திட்டினால் "சரிம்மா", அழுதால் "சரிம்மா", கரண்டு போய்விட்டது என்றாலும் "சரிம்மா". அந்தச் சொல்லை இன்னொரு முறை கேட்டால் போனைச் சுவரில் அடித்துவிடுவேன். காகிதத்தில் என்றால் நீ நடுவில் புகுந்து "சரிம்மா" போட முடியாது. அதனால்தான் கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது ஆதார் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் எழுந்து போய்விட்டு வருவேன். அதற்குள் என் கோபம் ஆறிவிடும் என்று நினைக்காதே. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. எழுதி முடித்ததும் ஒரு நகல் எடுத்துக் கௌசல்யாவுக்கும் கொடுக்கப்போகிறேன். கட்டிக்கொள்ளப் போகிறவனின் லட்சணம் அவளுக்கும் தெரியட்டும்.

இந்த ஆட்டத்தை நான் கேட்டேனா? நீதான் கொண்டுவந்தாய். ஊரடங்கு நேரம், காலேஜை மூடிவிட்டார்கள், நம் கடையையும் மூடியாகிவிட்டது, நீ எப்போது பார்த்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் கடைச் சாவியை வாங்கிக்கொண்டு போனவன், பெரிய தாள்களில் ஏதோ ஒரு தேசத்தின் வரைபடத்தை அச்செடுத்து வந்து, ஒட்டி, லேமினேஷன் போட்டு, சாப்பாட்டு மேசை நிறைய விரித்தாய். நடுவில் ஒரு ஆறு, இரண்டு கரையிலும் இரண்டு ஊர், ஆற்றின் மேல் ஒரே ஒரு பாலம், மேப் முழுக்கத் தேன்கூடு மாதிரிக் கட்டங்கள். ஆளுக்கு ஒரு படை, எதிர்க்கரை ஊரைப் பிடிப்பவருக்கு ஜெயம். சதுரச் சதுரமாக வெட்டிய வில்லைகள்தான் படை. எது காலாள், எது குதிரை, எது பீரங்கி என்று எதிராளிக்குத் தெரியாதபடி எல்லாவற்றையும் கவிழ்த்து வைக்க வேண்டும், மோதும்போதுதான் திருப்பிப் பகடை உருட்ட வேண்டும். படைக்குப் பின்னால் ரேஷன் வண்டி போய்க்கொண்டே இருக்க வேண்டும், வண்டி நின்றால் படை பட்டினி. எந்த நாட்டு எந்தச் சண்டையோ, அந்த ஊர்ப் பெயர்கள் என் வாயில் நுழையவே இல்லை. நாம் அதற்கு ஆத்துச் சண்டை என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

வில்லைக்குத் தடித்த அட்டை கிடைக்காமல், வீட்டில் கட்டிப் போட்டிருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டியது நினைவிருக்கிறதா? ஒரு வாரம் நான் உன்னை ஓட ஓட விரட்டினேன். எப்படி உன் பீரங்கியை மட்டும் சரியாகக் கண்டுபிடிக்கிறேன் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டாய். முதுகில் ஆண்டிமடத்துச் சித்தப்பா வீட்டுப் பத்திரிகையின் பிள்ளையார் பாதித் தும்பிக்கையோடு உட்கார்ந்திருந்தால் அது பீரங்கி. "சௌபாக்கியவதி" என்று இருந்தால் குதிரை. உண்மை தெரிந்ததும் நீ போட்ட சத்தம் இருக்கிறதே! "ஃபிராடும்மா நீ! அத்தனையும் பாத்துக்கிட்டே ஆடுறியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாய். அன்றைக்கே எல்லா வில்லைக்கும் பிரவுன் தாள் ஒட்டினாய். அதற்குப் பிறகு எத்தனை நாள் நீ என்னை ஓட வைத்திருக்கிறாய்! ஒருதரம் என் ரேஷன் வண்டியை மடக்கிவிட்டு நீ சிரித்த சிரிப்பில் ஆத்திரம் தாங்காமல் குழம்பைக் கருக்கிவிட்டேன். நாம் மூவரும் அந்தக் கருகிய குழம்பைத்தான் தின்றோம். என் வாழ்க்கையில் அப்படி சந்தோஷமாக நான் எதையும் தின்றதில்லை. இதை உன்னிடம் நான் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

பிறகு உனக்கு வேலை கிடைத்தது, போய்விட்டாய். போனது சரி, வேலைக்குப் போகாமல் என் எதிரில் உட்கார்ந்து பகடை உருட்டு என்று எந்த அம்மா சொல்வாள்? ஆனால் ஒருத்திக்கு ஒரு பசியைக் காட்டிவிட்டு, வெறும் பானையையும் கையில் கொடுத்துவிட்டுப் போனால் அவள் என்ன செய்வாள்? தேடினேன். இந்தப் பெரம்பலூரில் வெங்காயம் வாங்க ஆள் உண்டு, மக்காச்சோளம் வாங்க ஆள் உண்டு, சீட்டுப் பிடிக்க, வட்டிக்கு விட, ஊர்க்கதை பேச ஆயிரம் பேர் உண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு பொழுது சண்டை போட ஒரு ஆள் கிடையாது.

கடைக் கண்ணாடியில் "போர் விளையாட்டு ஆட ஆள் தேவை" என்று எழுதி ஒட்டினேன். மறுநாளே ஒரு பையன் வந்து, "அக்கா, ஆள் வேணும்னு போட்டுருக்கீங்களே, சம்பளம் எவ்ளோங்க?" என்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் பயோடேட்டாவோடு நின்றார்கள். நீங்கள் ஆடத்தான் வேண்டும், சம்பளம் கிடையாது என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்கள். சர்டிபிகேட் நகல் எடுக்க வரும் செஸ் மாஸ்டர் ஒருவரைப் பிடித்தேன். படித்தவர், மூளைக்காரர், இவருக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். அரை நாள் விதிகளைச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுல ராஜா எதுங்க?" என்றார். ராஜா கிடையாது சார் என்றேன். "ராஜாவும் கிடையாது, தாயம் வேற உருட்டணும். அப்புறம் இதுல மூளைக்கு என்னங்க வேல?" என்று எழுந்தார். சொல்லிக்கொடுத்த அரை நாளையும் விழுங்கிவிட்டு, எடுத்த நகலுக்கு மட்டும் காசு கொடுத்தார். அடுத்த தெருவில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் இருக்கிறாரே, அவரையும் கேட்டேன். அவர் மேசையைச் சுற்றி வந்து நின்று பார்த்தார். நான் விளக்கும்போது, தோற்ற வில்லையை எடுத்து டப்பாவில் போடுவதைக் காட்டினேன். அவர் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு வேணாம்மா. நீங்க ஆடுங்க, தப்பில்ல. என்னால முடியாது" என்றார். இத்தனை பேரில் அவர்மீது மட்டும் எனக்குக் கோபமில்லை. ஒரு காப்பி கொடுத்து அனுப்பினேன்.

அரியலூர்க் கதையை உன்னிடம் நான் சொல்லவில்லை. இப்போது கேட்டுக்கொள். நீ சொன்னாயே என்று நெட்டில் இந்த மாதிரி ஆட்டம் ஆடுகிறவர்களின் குழு ஒன்றில் சேர்ந்தேன். அதில் அரியலூரில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கும் சார் ஒருவர், "நானும் ரொம்ப நாளா ஆள் தேடிக்கிட்டுதாங்க இருக்கேன் மேடம், இந்தப் பக்கம் யாருமே இல்லன்னு நெனச்சேன்" என்று எழுதினார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். ஒரு பஸ் தூரத்தில் ஒரு ஆள், அவரும் என்னைப் போலவே தேடிக்கொண்டு! உன் அப்பாவைத் துணைக்குக் கூப்பிட்டேன். "எனக்கு ஃபேக்டரில ஷிப்ட் இருக்கு. போறதும் போகாததும் உன் இஷ்டம்" என்றார். மேப்பைச் சுருட்டிப் பழைய காலண்டர்க் குழாயில் போட்டுக்கொண்டு, வில்லைகளை டிபன் டப்பாவில் அடைத்துக்கொண்டு, சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியைத் தின்றுகொண்டு போய் இறங்கினேன். சார் நல்ல மனிதர். ஆட்டமும் தெரிந்தவர். உட்கார்ந்து படையை அடுக்கிக்கூட விட்டோம். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். "உங்க வூட்டுக்காரரு வரலீங்களா?" என்றார். இல்லைங்க, வேலை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்து, "இத ஆடத்தான் பெரம்பலூர்லேருந்து வந்தீங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். அந்தச் சாருக்குக் கை ஓடவில்லை, பகடை உருட்டும்போதெல்லாம் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார். பாதியில், "இன்னொரு நாள் பாப்போங்க மேடம், திடீர்னு ஒரு வேல வந்துருச்சு" என்றார். நானும் மேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அவர் எழுதவே இல்லை. அந்தம்மாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஐம்பது வயது தாண்டியவள், மகனுக்குப் பெண் பார்க்கிறவள், யார் வீட்டுக்கோ போய் ஆட்டம் ஆட உட்கார்ந்தால் யாருக்குத்தான் புரியும்? ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. அந்த சாரே ஒரு பெண்ணாக இருந்திருந்தால், அல்லது நான் ஒரு ஆணாக இருந்திருந்தால், வாராவாரம் ஆடியிருப்போம். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றே, இருந்தும் ஆட முடியாது. இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

நடுவில் பட்டா நகல் எடுக்க ஒரு பெரியவர் வந்தார், அதான் பேனா மாறியிருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். உன் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கலாமே என்று நீ கேட்டாய். கொடுத்தேனே! அந்த மனுஷன் இரண்டு முறை பகடை உருட்டிவிட்டு, "என்னோடதையும் நீயே நகத்திக்கம்மா, உனக்கு எது சரின்னு படுதோ அப்படிப் பண்ணு" என்று டிவி பக்கம் திரும்பிவிட்டார். என் படையையும் நானே நகர்த்தி, எதிரிப் படையையும் நானே நகர்த்துவதற்குப் பெயர் சண்டையா? தனியாகவும் ஆடிப் பார்த்தேன். கவிழ்த்து வைத்தது நானே என்னும்போது எதற்குள் எது இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போகுமா? என் நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "பொம்பள ஒத்தையில உக்காந்து தாயம் உருட்டுறாளே, மந்திரிச்சு விடச் சொல்லுண்ணே" என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். உன் அப்பா அதற்கும், "சொல்றேன், சொல்றேன்" என்றார்.

இப்படி இருந்தவளிடம்தான் நீ பொங்கலுக்கு வந்தாய். மாட்டுப் பொங்கல் அன்று சாப்பிட்டு முடித்ததும், நான் கேட்காமல் நீயாகவே, "மேப்ப எடும்மா" என்றாய். என் கால் தரையில் நிற்கவில்லை. போட்டோம் பார், ஒரு சண்டை! நடுநடுவே நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமலில்லை. கல்யாணம் பேசியிருக்கிற பிள்ளை, பேசட்டும் என்று விட்டேன். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் என் படை பாலத்தைத் தாண்டி உன் ஊருக்குள் போய்விட்டது. நீ எழுந்து கை கொடுத்தாய். "கலக்கிட்டம்மா! உன்கிட்ட ஆட முடியாது போ" என்றாய். அவசரமாகப் பையைத் தூக்கிக்கொண்டு ஆத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? கேசரி கிளறினேன். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் என் பையனைத் தோற்கடித்துவிட்டேன் என்றேன். மறுநாள் கடை திறந்ததும், செஸ் மாஸ்டர் வந்தபோது அவரிடமும் சொன்னேன். பெங்களூரில் என்ஜினீயராக இருக்கிறவனை நான் ஜெயித்தேன் சார், ராஜா இல்லாத ஆட்டத்தில் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து மேப்பை எடுத்து வைக்க உட்கார்ந்தேன். வில்லைகளைத் திருப்பித் திருப்பி இனம் பிரித்தேன். பாலத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில், நீ தொடாமலே வைத்திருந்த வில்லைகளைத் திருப்பினால் ஒன்று பீரங்கி, அடுத்ததும் பீரங்கி, அதற்கடுத்தது குதிரை. என் படை பாலத்தில் வரிசையாகப் போயிருக்கிறது, பக்கத்திலேயே உன் பீரங்கி வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறது. கையை நீட்டியிருந்தால் என் படை மொத்தமும் ஆற்றில். நீ கையை நீட்டவில்லை. ஒருமுறை அல்ல, நான் பாலத்தைத் தாண்டி முடிக்கிற வரைக்கும் நீட்டவில்லை. உனக்கு உடனே போன் போட்டேன்.

"ஏன்டா பீரங்கிய எடுக்கல?"

"எந்தப் பீரங்கிம்மா?"

"பாலத்துக்கிட்ட ரெண்ட கவுத்து வச்சியே, அது."

நீ சிரித்தாய். சிரித்தாய்! "அட அதுவா... வுடும்மா. நீ எத்தன நாளா ஆசயா இருந்த. நீ சந்தோஷமா இருக்கட்டும்னுதான். பஸ்ஸுக்கும் நேரமாச்சு. கேமுதானேம்மா?" என்றாய். அதோடு நிற்காமல், "சின்ன வயசுல பல்லாங்குழியில நீயும்தானே எனக்கு வுட்டுக்குடுத்த?" என்றும் சொன்னாய். ஆமாம், விட்டுக்கொடுத்தேன். உனக்கு அப்போது அஞ்சு வயசு. தோற்றால் தரையில் புரண்டு அழுவாய். எனக்கு இப்போது அஞ்சு வயசா? நான் தரையில் புரண்டேனா? நான் போனை வைத்ததும் நீ என்ன நினைத்திருப்பாய் என்று தெரியும். அம்மாவுக்கு வயசாகிவிட்டது, எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது என்று நினைத்திருப்பாய். வயசானதால் வந்த கோபமில்லை இது. எதிரில் ஒரு ஆள் வேண்டும் என்று ஊர் ஊராகப் போய், படி ஏறி, அவமானப்பட்டுத் தேடியவளுக்கு, நீ உன் சட்டையை மட்டும் நாற்காலியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாய். நான் அன்றைக்குப் பொழுதெல்லாம் உன் சட்டையோடு ஆடியிருக்கிறேன். அதை ஜெயித்தேன் என்று ஊரெல்லாம் கேசரியும் கொடுத்திருக்கிறேன். இந்த வெட்கத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

வைகாசியில் உனக்குக் கல்யாணம். மேடையில் ஏறுகிற ஒவ்வொருவரும் அட்சதை போட்டுவிட்டு, "ஒருத்தருக்கொருத்தர் வுட்டுக்குடுத்துப் போங்க" என்று சொல்லப்போகிறார்கள். நீயும் தலையை ஆட்டுவாய், அதில்தான் நீ கெட்டிக்காரனாயிற்றே. நான் சொல்வதையும் கேட்டுக்கொள். விட்டுக்கொடுப்பது வேறு, நீ செய்தது வேறு. எனக்கு இது வேண்டும், ஆனாலும் உனக்காக விடுகிறேன் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டு விட்டால், அது விட்டுக்கொடுப்பது. எதிரில் இருப்பவளிடம் சண்டை போட நேரமில்லை, மனசில்லை, சீக்கிரம் முடிந்தால் போதும் என்று பீரங்கியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு "நீதான் ஜெயிச்ச" என்று சொன்னால் அது ஏமாற்று. இதை நான் உன் அப்பாவோடு குடித்தனம் நடத்தித் தெரிந்துகொண்டேன். நல்ல மனுஷன், குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, ஊரே சொல்லும். ஒருநாளும் என்னை எதிர்த்துப் பேசியது கிடையாது. இந்த மனையை வாங்கும்போது நான் கிடந்து துடித்தேன், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம், கடைக்குப் பக்கம் என்று. என்னங்க சொல்றீங்க என்று எத்தனை தரம் கேட்டேன்! "உன் இஷ்டம்" என்றார். வீட்டைக் கட்டிக் குடி வந்த வருஷம் ஐப்பசி மழையில் சமையல்கட்டு வரைக்கும் தண்ணீர். அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டிலில் போட்டுக்கொண்டு நிற்கிறோம், அப்போது சொல்கிறார், "இது ஓடைத் தண்ணி வர்ற வழின்னு எனக்கு அப்பவே தெரியும்." தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றால், "நீ ஆசப்பட்ட, எதுக்கு வம்புன்னு வுட்டுட்டேன்" என்கிறார். இன்றைக்கும் மழை வந்தால் வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறோம். அன்றைக்கு அவர் என்னோடு ஒரு சண்டை போட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பேன், அப்புறம் வேறு மனை பார்த்திருப்போம். தனியாக ஜெயித்து ஜெயித்து அலுத்துப்போய்விட்டது எனக்கு. ஊரடங்கில் நீ "ஃபிராடும்மா நீ" என்று கத்தினாயே, அன்றைக்குத்தான் இந்த வீட்டில் முதன்முதலாக ஒரு ஆள் என் எதிரில் உட்கார்ந்து, நான் செய்வதைக் கவனித்துப் பார்த்து, கூடாது என்று சொன்னான். அந்த ஆளையும் பொங்கலோடு காணோம்.

இனி கௌசல்யா விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையின் புரூஃப் பார்க்கச் சம்பந்தியம்மாள் ஆண்டிமடத்திலிருந்து முந்திரிப் பருப்போடு வந்தார், கௌசல்யாவும் அரியலூரில் வேலை பார்க்கும் லேபில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். பெரியப்பா பெயர் முதலில் வருவதா, தாய்மாமன் பெயர் முதலில் வருவதா என்பதை ஒருவழியாகப் பேசி முடித்தோம். நான் சொன்னதற்கெல்லாம் சம்பந்தியம்மாள் "ஆமாங்க, அதான் சரிங்க" என்றார். மாப்பிள்ளையின் அம்மா என்றால் உப்பில்லாத சாம்பாரையும் நல்லாருக்குங்க என்றுதான் சொல்வார்கள். மேப்பை எடுத்து வைக்க மனசே வராமல் மேசையில் அப்படியே விட்டிருந்தேன். கௌசல்யா அதைப் பார்த்துவிட்டு, "இது என்னங்கத்தை, நெலத்து மேப்பா?" என்றாள். இல்லம்மா, சண்டை என்று சொல்லிவிட்டு, எப்படியும் கொட்டாவி விடப்போகிறாள் என்ற நினைப்போடு விதிகளைச் சொன்னேன். அவள் கொட்டாவி விடவில்லை. "ரேஷன் வண்டி வரலன்னா எத்தன முறை தாங்கும்?" என்றாள். "பாலத்த வுட்டா வேற வழியே இல்லையா?" என்றாள். கடைசியில், "அந்தாண்டக் கரையில யாரு?" என்று கேட்டாள். யாருமில்ல, நீ உக்காரு என்றேன்.

உட்கார்ந்தாள். நீ ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்திருக்கிற விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தைப் புரட்டிப் புரட்டி ஆடினாள். நான் வழக்கம்போலப் பாலத்தில் படையையும் வண்டியையும் சேர்த்து ஓட்டினேன். "அத்தை, நில்லுங்க. பாலத்துல ஒரு முறைக்கு ஒரு வில்லை அடுக்குதான் போகலாம்னு போட்டுருக்கு. நீங்க வண்டியையும் சேத்து ஓட்டுறீங்க" என்றாள். அதெல்லாம் போகலாம், நாங்க எப்பவும் அப்படித்தான் ஆடுறது என்றேன். "நீங்க எப்பவும் ஆடலாம். ஆனா ரூல்ல இல்லையே" என்றாள். சம்பந்தியம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. மேசைக்குக் கீழே மகளின் தொடையை நறுக்கென்று கிள்ளியதை நானே பார்த்தேன். "ஏய், வுடுடி. மாமியார்கிட்டப் போயி எதுத்துப் பேசிக்கிட்டு... அத்தை ஜெயிக்கட்டும்" என்று பல்லைக் கடித்தார். உன் அப்பா வேறு டிவியிலிருந்து திரும்பி, "ஒத்துக்கிட்டுப் போயிரும்மா, வேல முடியும்" என்றார். அவள் தொடையைத் தடவிக்கொண்டே, "இல்லைங்க மாமா. போட்டுருக்கறத நீங்களே படிச்சுப் பாருங்க" என்று புத்தகத்தை நீட்டினாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ! "சம்பந்தி, நீங்க சும்மா இருங்க! ஏங்க, நீங்க டிவியப் பாருங்க! கௌசல்யா, வுடாத, காட்டு" என்று கத்தினேன். படித்தேன். அவள் சொன்னதுதான் சரி. இத்தனை வருஷமாக நான் தப்பாக ஆடியிருக்கிறேன். நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய், உனக்கு அது தெரியுமா தெரியாதா? தெரிந்தும் "வுடு, அம்மாதானே" என்று இருந்திருந்தால், அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

வண்டியைப் பின்னால் எடுத்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் என் படை பட்டினி கிடந்தது. சம்பந்தியம்மாள் பஸ் போகிறது, பஸ் போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நாங்கள் இருவரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் அவள் அவசரப்பட்டுக் குதிரையை ரொம்ப தூரம் ஓட்டிவிட்டாள், அந்த இடைவெளியில் நான் புகுந்து அவள் ஊரைப் பிடித்தேன். ஜெயித்தேன். அவள் கை கொடுக்கவில்லை தம்பி. கலக்கிட்டீங்க அத்தை என்று சொல்லவில்லை. முகம் சிவந்துபோய், உதட்டைக் கடித்துக்கொண்டு, அந்தக் குதிரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். கவிழ்த்திருந்த அவளுடைய வில்லைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பயன்படக்கூடிய எதையும் அவள் மறைத்து வைக்கவில்லை, எல்லாமே காலாள், குதிரையும் பீரங்கியும் முன்பே களத்தில் இறங்கியிருந்தன. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சம்பந்தியம்மாள் பயந்துபோய், "சின்னப் பொண்ணுங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். பஸ் ஏறும்போதுகூட அவள் போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. "அந்தக் குதிரைய நான் அங்க வுட்டுருக்கக் கூடாது. வர ஞாயித்துக்கெழம வரேன் அத்தை, மேப்ப எடுத்து வைக்காதீங்க" என்றாள்.

வைகாசி வரைக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. அதற்கப்புறம் அவளையும் நீ கூட்டிக்கொண்டு போய்விடுவாய். போகட்டும், அவள் உன்னோடு வாழ வேண்டியவள், என்னோடு ஆட வேண்டியவள் இல்லை. ஆனால் அவளிடம் நீ உன் அப்பாவின் வேலையைக் காட்டாதே. அவளுக்கு வேண்டாததை, தொடை கன்றிப்போனாலும் வேண்டாம் என்று சொல்வாள், நான் பார்த்துவிட்டேன். நீயும் சொல். வீடு எங்கே பார்ப்பது, வேலையை விடுவதா வேண்டாமா, பிள்ளை எப்போது, எதுவானாலும் உன்னிடம் இருப்பதை எடுத்து அவள் எதிரில் திருப்பி வை. அவள் அழுதால் அழட்டும், நீ அழுதால் நீயும் அழு. "சரிம்மா"வை மட்டும் அவளிடம் கொண்டுபோகாதே.

எனக்கும் நீ வேண்டும். வேறு யாரையும் தேட என் காலில் இனித் தெம்பில்லை, மனசிலும் இல்லை. பாவம் பார்த்து விட்டுக்கொடுக்க நான் நோயாளி இல்லை, பயந்து விட்டுக்கொடுக்க உன் ஆபீஸ் மேனேஜரும் இல்லை. அடுத்த தடவை லீவு போட்டு, போனை அணைத்துவிட்டு, என் படையை மொத்தமாக ஆற்றில் தள்ளுகிற எண்ணத்தோடு வா. நான் தோற்றால் குழம்பு கருகும், பரவாயில்லை, தின்னலாம். அப்படி வர முடியாதென்றால் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடு, மேப்பை எடு என்று மட்டும் சொல்லாதே. உன் கையால் தோற்க நான் தயாராக இருக்கிறேன், தோற்கடிக்க வா.

அம்மா